ரயில் படியில் நிற்கும் பெண் யார்? மெக்சிகப் புரட்சியின் சோல்தாதேராக்களும் காசசோலா படங்களும்

இருட்டறை (இழையைத் தொடங்கியவர்)

மெக்சிகப் புரட்சி என்று தேடினால் முதல் பத்துப் படங்களுக்குள் அந்தப் பெண் வந்துவிடுவார். ரயில் பெட்டியின் படியில் நின்று, இரண்டு பக்கக் கம்பியையும் பிடித்துக்கொண்டு, உடம்பை வெளியே சாய்த்து எட்டிப் பார்க்கிறார். புருவம் சுருங்கியிருக்கிறது. தேடுகிறாரா, பயப்படுகிறாரா, யாரையாவது கூப்பிடப் போகிறாரா, தெரியாது. மெக்சிகோவில் அவருக்கு வைத்த பெயர் ‘அதெலிதா’. அது புரட்சிக் காலத்து நாட்டுப்பாடல் ஒன்றில் வரும் பெயர். படத்தில் இருக்கும் பெண்ணின் சொந்தப் பெயர் எதிலும் பதிவாகவில்லை. போஸ்டர், டீ சர்ட், உணவகச் சுவர் என்று எல்லா இடத்திலும் புரட்சிக்காரி என்ற அடையாளத்தோடு நிற்கிறார். இப்படிப் படையோடு போன பெண்களுக்கு ஸ்பானிய மொழியில் ‘சோல்தாதேரா’ என்று பெயர்.

ஆனால் படம் முதலில் அச்சானது 1912 ஏப்ரலில், மெக்சிகோ நகரத்தில் வெளிவந்த ‘நுவேவா எரா’ நாளிதழில். எடுத்தவர் ஹெரோனிமோ எர்னாந்தெஸ். ரொம்ப காலம் இது இன்னொரு புகைப்படக்காரரான காசசோலா எடுத்த படம் என்றே எல்லாரும் எழுதிக்கொண்டிருந்தார்கள். மிகேல் ஆங்ஹெல் மொராலெஸ் என்ற ஆய்வாளர் பழைய நாளிதழ்களைப் புரட்டித்தான் உண்மையான பெயரை வெளியே கொண்டுவந்தார். அந்த ரயில் ஏற்றிக்கொண்டு போனது அரசுப் படையை. வடக்கே பாஸ்குவால் ஒரோஸ்கோவின் கிளர்ச்சியை அடக்க ஜெனரல் வெர்தாவின் கீழ் புறப்பட்ட துருப்பு அது. படத்துக்குக் கீழே நாளிதழ் போட்ட வரி: “என் ஹுவானை நான் காப்பேன்.” அரசுச் சிப்பாய்க்கு அங்கே செல்லப்பெயர் ஹுவான்.

அதாவது புரட்சியின் முகம் என்று நாம் மாட்டிவைத்திருப்பது எதிர்த்தரப்பு ரயிலில் எடுத்த படம்.

இன்னொன்று. இந்தப் படத்தின் நெகட்டிவ், அந்தக் காலத்துக் கண்ணாடித் தகடு, உடைந்திருக்கிறது. முழுத் தகட்டில் அவருக்குப் பக்கத்தில் வேறு பெண்களும் இருக்கிறார்கள். அவர்களை வெட்டிவிட்டு இவரை மட்டும் பெரிதாக்கி அச்சடித்ததில்தான் அந்தத் ‘தனி நாயகி’ பிறந்தார். மற்றவர்கள் அப்படியே இருந்திருந்தால் இந்தப் படம் இவ்வளவு தூரம் வந்திருக்காது என்பது என் கருத்து. நண்பர்கள் என்ன சொல்கிறீர்கள்?

---

செங்காந்தள்

எந்தப் பக்கத்து ரயில் என்பது ஆண்களின் சண்டைக்கு முக்கியம். அந்தப் பெண்ணுக்கு என்ன வித்தியாசம்? அரசுப் படையிலும், புரட்சித் தலைவர்களான வில்லா, கர்ரான்சா படைகளிலும் பெண்கள் செய்தது ஒரே வேலை.

பல படைகளில் சமையல் பிரிவு என்று ஒன்று கிடையாது. சிப்பாய்க்குக் கூலியைக் கையில் கொடுத்துவிடுவார்கள், சாப்பாடு அவன் பாடு. அதனால் ஒரு பெண் அவனுக்கு முன்னால் போக வேண்டும். படை அடுத்த ஊருக்குப் போய்ச் சேர்வதற்குள் இவர் சோளம், விறகு, தண்ணீர் எல்லாம் தேடி, கல்லில் சோளத்தை அரைத்து, தோர்த்தியா (சோள ரொட்டி) தட்டித் தயாராக வைத்திருக்க வேண்டும். அரைக்கும் கல், போர்வை, பாத்திரம், குழந்தை எல்லாம் அவர் முதுகில். சண்டைக்கு நடுவில் தோட்டா கொண்டுபோய்க் கொடுப்பது, காயத்துக்குக் கட்டுப்போடுவது, செத்தவன் சட்டைப்பையைத் துழாவுவது, புதைப்பது. அவன் செத்துவிட்டால் சில சமயம் அவன் துப்பாக்கியையே எடுத்துக்கொண்டு நின்றார்கள். பெரும்பாலும் வேறொருவனோடு சேர்ந்து அதே படையில் தொடர்ந்தார்கள். வேறு போக்கிடம் இல்லை.

எண்ணிக்கை கேட்பவர்களுக்கு ஒரு உதாரணம். 1914 ஜனவரியில் ஒஹினாகாவில் வில்லாவிடம் தோற்ற அரசுப் படை ஆற்றைத் தாண்டி டெக்சாசுக்குள் ஓடியது. அமெரிக்க ராணுவம் அவர்களைச் சுமார் 100 கிலோமீட்டர் மார்ஃபா வரை நடக்க வைத்து, அங்கிருந்து ரயிலில் எல் பாசோ பக்கத்தில் ஃபோர்ட் பிளிஸ் முகாமுக்குக் கொண்டுபோய் அடைத்தது. சிப்பாய்கள் மூவாயிரத்துச் சொச்சம். கூடவே 1,200க்கு மேல் பெண்கள், 500க்கு மேல் குழந்தைகள். இரண்டு, மூன்று சிப்பாய்க்கு ஒரு பெண் என்று கணக்கு வருகிறது. இதை வைத்துப் பார்த்தால் ‘படையோடு போன பெண்கள்’ என்பதே கொஞ்சம் இடிக்கிறது. படையில் கால்வாசிக்கு மேல் அவர்கள்தானே?

---

ரயில்பைத்தியம்

ரயில் என்றதும் வந்துவிட்டேன் :)

இந்தப் புரட்சியை ரயில் இல்லாமல் நினைத்தே பார்க்க முடியாது. வில்லாவின் வடக்குப் படை முழுக்க ரயிலில்தான் நகர்ந்தது. பெட்டிக்குள் குதிரைகள். ஆமாம், குதிரைக்குத்தான் உள்ளே இடம். மனிதர்கள் கூரை மேல். 1914இல் வில்லா படையோடு பயணம் செய்த அமெரிக்கப் பத்திரிகையாளர் ஜான் ரீட், கூரை மேலேயே பெண்கள் சுள்ளி மூட்டித் தோர்த்தியா சுட்டதை எழுதியிருக்கிறார். ஓடுகிற சரக்கு ரயிலின் கூரையில், கீழே வெடிமருந்தோ வைக்கோலோ இருக்க, அடுப்பு! படங்களில் கூரை மேல் துணி காய்வதும், மழைக்குப் போட்ட பந்தலும், அதன் அடியில் குழந்தைகளும் தெரியும். இடம் கிடைக்காதவர்கள் பெட்டிக்கு அடியில், சக்கரங்களுக்கு நடுவே பலகையோ துணியோ கட்டிப் படுத்து வந்தார்கள்.

எனக்குத் தோன்றுகிற முக்கியமான விஷயம் ஒன்று. கேமராவும் ரயிலில்தான் போனது. கண்ணாடித் தகட்டுப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு மலை ஏற எத்தனை பேரால் முடியும்? அதனால்தான் நாம் பார்க்கும் பெண்களில் பாதிப்பேர் பிளாட்பாரத்திலோ படியிலோ கூரையிலோ இருக்கிறார்கள். தெற்கே மொரேலோஸ் மாநிலத்தில் இன்னொரு புரட்சித் தலைவரான சபாட்டாவின் ஆட்கள் பெரும்பாலும் சொந்த ஊரைச் சுற்றியே சண்டை போட்டவர்கள். அங்கே பெண்கள் ஊரிலிருந்தே சோறு அனுப்பினார்கள், சேதி கொண்டுபோனார்கள். படை ரயிலில் போவதும் இல்லை, அதன் பின்னால் நீண்ட வரிசையும் இல்லை, எனவே படமும் குறைவு. படம் குறைவு என்பதற்காகப் பெண்கள் குறைவு என்று முடிவு கட்டிவிடக் கூடாது.

---

புதுவரவு2

நல்ல இழை. ஒரு சின்னச் சந்தேகம். அந்தக் காலத்தில் கேமரா அவ்வளவு வேகமாக எடுக்குமா? இதெல்லாம் நிற்க வைத்து எடுத்ததாக இருக்காதா?

---

இருட்டறை

இரண்டும் உண்டு. கிராஃப்ளெக்ஸ் மாதிரி கேமராக்களில் ஷட்டர் வேகத்துக்குக் குறைவில்லை, ஒரு நொடியில் ஆயிரத்தில் ஒரு பங்கு வரை போகும். இடித்தது தகடுதான். அதன் வேகம் இன்றைய கணக்கில் படு மந்தம். நல்ல வெயில் இருந்தால் ஆளை நகர்த்தாமல் எடுக்கலாம். விடிகாலைப் புறப்பாடோ, கூரை போட்ட நிலையமோ என்றால் திண்டாட்டம். அதோடு தகட்டை ஒவ்வொன்றாக மாற்ற வேண்டும். சண்டை நடக்கும்போதே எடுத்த படம் அபூர்வம், பெரும்பாலானவை முன்போ பின்போ எடுத்தவை. துப்பாக்கி ஏந்திப் பெண்கள் வரிசையாகக் குறிபார்க்கும் படங்களைப் பார்த்தால் நிழல் விழும் பக்கத்தையும் கேமரா நிற்கும் இடத்தையும் கவனியுங்கள். எதிரி சுடும் பக்கத்தில் கேமராக்காரர் சாவகாசமாக நிற்க மாட்டார்.

இன்னொரு நுணுக்கம். அன்றைய தகடுகளில் பெரும்பாலானவற்றுக்குச் சிவப்பு நிறம் தெரியாது. வானம் வெளுத்துவிடும், மாநிறத் தோல் உண்மையில் இருப்பதைவிடக் கறுத்துத் தெரியும். சிவப்புப் பாவாடையோ சால்வையோ கறுப்பாக விழும். இந்தப் பெண்கள் எல்லாரும் துக்கத்தில் கறுப்புச் சால்வை போர்த்தியிருக்கிறார்கள் என்று ஒரு கட்டுரையில் உருகியிருந்ததைப் படித்தேன். அதில் எத்தனை கறுப்பு, எத்தனை சிவப்பு என்று யாருக்குத் தெரியும்?

---

நூலகப்பூனை

காசசோலா பற்றிக் கொஞ்சம் சொல்லியாக வேண்டும், இல்லாவிட்டால் பாதிதான் புரியும்.

அகுஸ்தின் விக்தோர் காசசோலா 1874இல் பிறந்தவர். முதலில் நிருபர், அப்புறம் புகைப்படக்காரர். புரட்சி வீழ்த்திய சர்வாதிகாரி போர்ஃபிரியோ தியாஸின் ஆட்சிக்கு வேண்டிய ‘எல் இம்பார்சியால்’ நாளிதழில் வேலை. 1912இல் தம்பி மிகேலோடு சேர்ந்து ஒரு படச் செய்தி நிறுவனம் தொடங்கினார். மற்றவர்கள் எடுத்த படங்களையும் வாங்கிச் சேர்த்தார். 1914இல் ‘எல் இம்பார்சியால்’ நின்றபோது அதன் படங்களையும் காப்பாற்றிக்கொண்டார். இதற்கு நாம் நன்றி சொல்ல வேண்டும். ஆனால் சேர்த்த தகடுகளில் எடுத்தவர் பெயரைச் சுரண்டிவிட்டுத் தன் பெயரைப் போட்டார்கள். தகட்டில் மையால் எழுதினால் பிரிண்டில் வெள்ளை எழுத்தாக வரும். அந்தச் சாய்ந்த ‘காசசோலா’ கையெழுத்து அப்படி வந்ததுதான். நூற்றுக்கணக்கான புகைப்படக்காரர்களின் வேலை அந்த ஒரு பெயருக்குள் போய்விட்டது. ஹெரோனிமோ எர்னாந்தெஸ் அதில் ஒருவர்.

1921இல் அவர் கொண்டுவந்த ஆல்பம் சரியாக விற்கவில்லை. சண்டை ஓயாத காலம், பார்த்ததையே யார் காசு கொடுத்துப் பார்ப்பார்? 1938இல் இறந்தார். நாற்பதுகளில் மகன் குஸ்தாவோ தொகுதி தொகுதியாக வெளியிட்டபோதுதான் இந்தப் படங்கள் வீடுகளுக்குள் போயின. 1976இல் மெக்சிக அரசு காப்பகத்தையே விலைக்கு வாங்கியது. சுமார் 4,80,000 உருப்படிகள் இப்போது பச்சுக்கா நகரத்தில், பழைய பிரான்சிஸ்கன் மடத்தில் இருக்கும் தேசியப் புகைப்படக் காப்பகத்தில் இருக்கின்றன.

இனி அந்தப் படியில் நிற்கும் பெண். இருட்டறை சொன்னதில் ஒரு திருத்தம் வேண்டும். 1912 ஏப்ரலில் நாட்டின் ஜனாதிபதி மதேரோ. புரட்சியைத் தொடங்கியவரே அவர்தான். அவருடைய அரசைக் காக்கப் போன படை அது. ‘நுவேவா எரா’ மதேரோவின் ஆதரவு ஏடு. வெர்தா அவரைக் கவிழ்த்துக் கொன்றது 1913 பிப்ரவரியில். ஆகவே ‘எதிர்த்தரப்பு ரயில்’ என்று ஒரே வார்த்தையில் முடித்துவிட முடியாது. அன்றைய நாளிதழ் வாசகருக்கு அந்தப் பெண் புரட்சி அரசின் பக்கம் நிற்பவர். பத்து மாதத்தில் தலைகீழாகிவிட்டது.

இன்னொரு வாதமும் உண்டு. சாதாரணச் சிப்பாய்களின் பெண்கள் கூரை மேல் போனார்கள், பயணிகள் பெட்டிப் படியில் நிற்பவர்கள் அதிகாரிகளோடு வந்தவர்களாக, ஒருவேளை பாலியல் தொழிலாளிகளாக இருக்கலாம் என்று சில ஆய்வாளர்கள் எழுதியிருக்கிறார்கள்.

---

செங்காந்தள்

இந்தக் கடைசி வாதம் எனக்குப் பிடிக்கவில்லை பூனையாரே. பெட்டி எது என்பதை வைத்து ஒரு பெண்ணின் தொழிலைக் கண்டுபிடிப்பதா? புறப்படும் நேரத்தில் வழியனுப்ப வந்தவர் படியில் ஏறி நின்றிருக்கலாம். கூரைக்கு ஏறும் வழியில் நின்றிருக்கலாம். அவர் முகத்தில் இருக்கும் பதற்றத்தை முதலில் வீரம் என்றார்கள், அப்புறம் காதல் என்றார்கள், இப்போது தொழில். ஒவ்வொரு தலைமுறையும் தனக்கு வேண்டியதை ஒட்டிவிட்டுப் போகிறது.

---

நூலகப்பூனை

கோபம் நியாயம். ஆனால் அந்த வாதத்தின் பயன் வேறு. ரயிலில் யார் எங்கே உட்கார்ந்தார்கள் என்று கேட்க வைத்தது அதுதான். உள்ளே அதிகாரி, மேலே சிப்பாய், அவனுக்கும் ஓரத்தில் பெண். இந்தப் படிநிலையைப் பார்க்காமல் ‘சோல்தாதேரா’ என்று எல்லாரையும் ஒரே மூட்டையில் கட்டியிருந்தோம்.

---

மூன்றாம்வரிசை

ரயிலை விட்டுக் கொஞ்சம் இறங்குவோமா? துப்பாக்கி ஏந்திய பெண்களின் கதை தனி. சமைத்தவர்களுக்கும் சுட்டவர்களுக்கும் நடுவில் கோடு கிழிக்க முடியாதுதான், ஆனாலும் சிலர் போராளியாகவே பேர் எடுத்தவர்கள்.

பெத்ரா எர்ரேரா ஆண் உடையில் ‘பெத்ரோ’ என்ற பெயரில் வில்லாவின் படையில் சேர்ந்தார். பாலங்களைத் தகர்ப்பதில் கெட்டிக்காரர். பெண் என்று வெளியே சொன்ன பிறகும் அவருக்கு உரிய பதவி வரவில்லை. விலகிப் போய்ப் பெண்களைக் கொண்டே ஒரு படை திரட்டினார்.

எனக்குப் பிடித்த படம் வேறு. கெர்ரேரோ மாநிலத்தில் தெலோலோவாபான் என்ற சிற்றூரில் சாரா காஸ்த்ரெஹோன் என்று ஒரு பெண் ஸ்டுடியோ வைத்திருந்தார். புரட்சியைப் படமெடுத்த மிகச் சில பெண்களில் ஒருவர். 1911இல் மதேரோ ஆதரவுப் படை ஊருக்குள் வந்தபோது அம்பாரோ சல்காதோ என்ற ‘கர்னல்’ பெண்ணை அவர் எடுத்த படம் இருக்கிறது. தோட்டா மாலை, துப்பாக்கி, நேரே கேமராவைப் பார்க்கும் முகம். எட்டிப் பார்க்கவில்லை, யாரையும் தேடவில்லை. படம் எடுப்பவரும் பெண், எடுக்கப்படுபவரும் பெண், இருவரும் ஒரே வட்டாரம். ரயில் படிப் படத்தில் கேமரா அந்தப் பெண்ணிடம் கேட்காமல் எடுத்துக்கொண்டது. இங்கே கர்னல் அம்மாள் தான் எப்படித் தெரிய வேண்டும் என்று தானே முடிவு செய்திருக்கிறார். அதற்காகத்தான் இதை மேலே வைக்கிறேன்.

அப்புறம் அமேலியோ ரோப்லெஸ். அதே கெர்ரேரோவில் சோச்சிபாலா ஊரில் 1889இல் பெண்ணாகப் பிறந்து அமேலியா என்று பெயர் வைக்கப்பட்டவர். சபாட்டாவின் படையில் கர்னல் வரை போனவர். புரட்சி முடிந்த பிறகும் ஆணாகவே வாழ்ந்து 1984இல் இறந்தார். 1915 வாக்கில் எடுத்த ஸ்டுடியோ படம் ஒன்று உண்டு. கோட்டு, டை, ஒரு கையில் சிகரெட், மறு கை இடுப்பில் இருக்கும் துப்பாக்கி மேல். அந்தக் கால நகரத்து இளைஞர்கள் படம் எடுத்துக்கொள்ளும் தோரணை அப்படியே. துப்பாக்கி மட்டும் கூடுதல். அதை அலங்காரம் என்று நினைக்க வேண்டாம், தன்னைப் பெண் என்று சொன்னவர்களிடம் அவர் அதைக் காட்டியதாகச் சொல்வார்கள்.

---

புதுவரவு2

அப்படியானால் அவரைப் ‘போரில் பெண்கள்’ இழையில் ஏன் சேர்க்கிறோம்?

---

மூன்றாம்வரிசை

சரியான கேள்வி. 1974இல் மெக்சிகப் பாதுகாப்பு அமைச்சகம் அவரைப் புரட்சியின் மூத்த வீரராக அங்கீகரித்தது, ஆண்பாலில். சொந்த ஊரில் அவர் இறந்தபின் திறந்த அருங்காட்சியகத்துக்கு வைத்த பெயரோ ‘கர்னல் அமேலியா’, பெண்பாலில். ராணுவம் ஒத்துக்கொண்டதை ஊர் ஒத்துக்கொள்ளவில்லை! நான் அவரை இங்கே கொண்டுவந்தது, ஒருவர் ஸ்டுடியோவுக்குப் போய் ஒரே ஒரு படத்தால் தன்னை நிலைநாட்டிக்கொள்ள முடிந்தது என்பதைக் காட்டத்தான். பெண்கள் பட்டியலில் போடுவதற்காக அல்ல.

---

கோடைமழை

எல்லாரும் அழகான படங்களையே பேசுகிறீர்கள். படம் இல்லாத ஒன்றைச் சொல்கிறேன்.

1916 டிசம்பர், சிவாவா மாநிலம், கமார்கோ ரயில் நிலையம். அதற்குள் எதிரியாகிவிட்ட கர்ரான்சாவின் படையைத் தோற்கடித்து வில்லா ஊரைப் பிடித்தார். பிடிபட்ட பெண்கள் கூட்டத்திலிருந்து யாரோ வில்லாவை நோக்கிச் சுட்டார்கள். யார் என்று கேட்டதற்கு ஒருவரும் காட்டிக்கொடுக்கவில்லை. எல்லாரையும் சுடச் சொன்னார். சுமார் 90 பெண்கள். சிலரிடம் கைக்குழந்தை. வில்லாவின் செயலாளராக இருந்தவரே பின்னாளில் எழுதிவைத்திருக்கிறார், எதிரிகள் கட்டிய கதை இல்லை. 1914 ஜனவரியில் அமெரிக்க சினிமா நிறுவனம் ஒன்றோடு ஒப்பந்தம் போட்டுத் தன் சண்டையைப் படமெடுக்க விட்ட அதே வில்லாதான். கமார்கோவில் அந்த வேலைக்கு எந்தக் கேமராவையும் கூப்பிட்டிருக்க மாட்டார்.

செங்காந்தள் சொன்ன ஃபோர்ட் பிளிஸ் முகாமுக்கு வந்தால் நேர்மாறு, அங்கே கேமராவுக்குப் பஞ்சமே இல்லை. முள்வேலிக்கு வெளியே எல் பாசோ ஊர்மக்கள் வேடிக்கை பார்க்க வந்தார்கள். அந்த ஊரில் வால்டர் ஹோர்ன் என்ற காசநோய்க்காரர் 1910இல் உடம்பு தேறுவதற்காக வந்து தங்கி, அஞ்சல் அட்டைப் படத் தொழிலில் இறங்கினார். அமெரிக்கத் துருப்புகள் எல்லையில் குவிந்த 1916இல் ஒரு நாளைக்கு ஆயிரக்கணக்கில் அச்சடித்தார். மரண தண்டனைப் படங்கள் நன்றாக விற்றன. துணி துவைக்கும் அகதிப் பெண்கள், முகாம் அடுப்பு, அழுக்குக் குழந்தைகள் ஆகியவையும் அட்டைகளாயின. வீட்டுக்கு நலம் விசாரித்து எழுதும் கடிதத்தின் மறுபக்கம் அந்தப் பெண்கள்.

---

செங்காந்தள்

இதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். சண்டை முடிவதற்குள்ளேயே அவர்களைக் கழற்றிவிடும் வேலை ஆரம்பித்துவிட்டது. 1916இல், அப்போது ஆட்சியில் இருந்த கர்ரான்சாவின் போர் அமைச்சகம் பெண்களுக்குக் கொடுத்த ராணுவப் பதவிகள் எதுவும் செல்லாது என்று அறிவித்தது. இருபதுகளின் நடுவில் போர் அமைச்சர் ஹொவாகின் அமாரோ ராணுவக் குடியிருப்புகளிலிருந்து பெண்களை வெளியேற்றினார். சொன்ன காரணம் நோய், குடி, ஒழுக்கக்கேடு. பத்து வருடம் சோறு போட்டவர்கள் ஒரே உத்தரவில் ஒழுக்கக்கேடாகிவிட்டார்கள். மெக்சிகோவில் பெண்களுக்கு நாடு தழுவிய வாக்குரிமை 1953இல்தான் வந்தது.

அதே காலத்தில்தான் காலண்டர்களில் அதெலிதா மினுங்க ஆரம்பித்தார். குறுக்கே தோட்டா மாலை, தோள் இறங்கிய ரவிக்கை, உதட்டுச் சாயம், காலில் ஒரு துளிப் புழுதி கிடையாது. ஓய்வூதியம் கேட்டு வந்த கிழவிக்கு “சேவைச் சான்றிதழ் எங்கே” என்ற கேள்வி, சுவரில் அவளுடைய இளமைக்குக் கற்பனை ஓவியம்.

---

ரயில்பைத்தியம்

ஓவியத்தில் குழந்தையும் இருக்காது, அரைக்கும் கல்லும் இருக்காது. கவனித்திருக்கிறீர்களா?

---

இருட்டறை

இருக்காது. வேலை செய்யும் சாமான் எதுவும் இருக்காது.

பூனையார் மதேரோ பற்றிச் சொன்னதை ஏற்கிறேன், ஆனால் என் கேள்வியை அது இன்னும் கூர்மையாக்குகிறது. ஒரே வருடத்தில் பக்கம் மாறிய படையின் ரயிலில் நின்ற பெண்ணை எந்தத் தரப்புக்கும் சொந்தமாக்க முடியாது. அவர் போனது ஹுவானோடு. வெட்டாத முழுப் படத்தைப் போட்டால் குறைந்தபட்சம் மற்ற பெண்களோடாவது நிற்பார். போஸ்டர் அடிப்பவர்கள் அதைச் செய்ய மாட்டார்கள் என்று தெரியும், புத்தகம் போடுபவர்களாவது செய்யலாம்.

---

புதுவரவு2

இந்தப் படங்களை எங்கே பார்க்கலாம்? பச்சுக்கா போக வசதியில்லை :)

---

நூலகப்பூனை

மெக்சிகோவின் தேசிய மானிடவியல் வரலாற்று நிறுவனம் தன் மீடியாதேகா இணையதளத்தில் ஏராளமான காசசோலா தகடுகளை ஏற்றியிருக்கிறது. இலவசம். தளம் ஸ்பானிய மொழியில், ஆனால் சோல்தாதேராஸ் என்று ஸ்பானிய எழுத்தில் அடித்தாலே போதும், வரிசையாக வந்து விழும். நேரம் இருக்கும்போது திறந்து பாருங்கள், கீழே போய்க்கொண்டே இருக்கும்.

ஒரு யோசனை. முகத்தை விட்டுவிட்டுக் கையில் என்ன இருக்கிறது என்று பாருங்கள். கூடை, கெட்டில், கோழி, சுருட்டிய பாய், துப்பாக்கி. தலைப்புக் குறிப்பில் ‘புரட்சிக்காரி’ என்று போட்டிருந்தாலும் பின்னால் நிற்கும் ஆண்களின் சீருடையைப் பார்த்தால் யார் படை என்று பாதி நேரம் சொல்லிவிடலாம். உயரத் தொப்பியும் ஒரே மாதிரிப் பொத்தானும் இருந்தால் அரசுப் படை. அகலத் தொப்பி, ஆளுக்கொரு சட்டை என்றால் அநேகமாக மற்றவர்கள். சந்தேகம் வருகிற படம் இருந்தால் இங்கேயே போடுங்கள், சேர்ந்து பார்ப்போம்.